வியட்நாமில் பரிசல் சவாரி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

நடு வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் நகரத்துக்குப் போகிற எவர் கையிலும் உள்ள பயணத் திட்டத்தில் 'பரிசல் சவாரி, மீன்பிடி அனுபவம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சமாச்சாரங்கள் ஒளிந்திருக்கின்றன. நீர்ப்பனைக் காட்டுக்குள் பரிசலில் முக்கால் மணி நேரம் சுற்றி வருவது ஒன்று. மீனவரின் படகில் ஆற்றில் போய் வலை வீசிப் பார்ப்பது இன்னொன்று. விடிகாலையில் கடற்கரைக்குப் போய், பரிசல்கள் மீனோடு கரையேறுவதை நின்று பார்ப்பது மூன்றாவது. தீவில் ஓர் இரவு தங்கிக் கணவாய் பிடிக்கப் போவது நாலாவது. செலவு பூஜ்யத்திலிருந்து ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் வரை போகும். எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசலில் ஏறி உட்காருவது வேறு, மீன்பிடிப்பைப் பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே சீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று விற்கிற சுற்றுலாக்களில்தான் ஏமாற்றம் அதிகம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் செலவும் குறையும், கிடைப்பதும் கூடும்.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. ஆனால் ஒகேனக்கல்லில் ஓடுவது ஆற்றுப் பரிசல், இது கடலுக்குப் போவது. மூங்கிலைப் பிளந்து நெருக்கமாகப் பின்னி, இடுக்குகளில் மாட்டுச் சாணத்தை அழுத்தித் தேய்த்துக் காயவிட்டு, அதன்மேல் ஒரு காட்டு மரத்திலிருந்து வடிக்கும் பிசின் எண்ணெயைப் பூசுவார்கள். காய்ந்தபின் தண்ணீர் உள்ளே வராது. இப்போது கடலில் ஓடுகிறவற்றில் பாதிக்கு மேல் ஃபைபரில் செய்தவை போலத்தான் தெரிகிறது. பின்புறம் சின்ன எஞ்சின் மாட்டியவையும் உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் படகுகளுக்கு வரி போட்டார்கள், அதிலிருந்து தப்பிக்க 'இது படகு அல்ல, கூடை' என்று சொல்லி மீனவர்கள் கண்டுபிடித்தது இது என்று எல்லா வழிகாட்டிகளும் ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரி இருந்ததோ இல்லையோ, நடு வியட்நாமின் கரையில் கொஞ்ச நேரம் நின்றால் வேறு காரணங்கள் கண்ணில் படும். நீளமான மணல் கரை, அலை நேராக வந்து உடைகிறது, பல இடங்களில் படகுத்துறை கிடையாது. பெரிய படகு தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மீனையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவர, அலைமேல் மிதந்து ஏறி இறங்குகிற, இரண்டு பேர் கம்பில் கோத்துத் தூக்கி மேட்டில் கவிழ்த்து வைக்கக்கூடிய ஒன்று வேண்டும். அந்த வேலைக்கு இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை.

சரி, இடங்களுக்கு வருவோம்.

காம் தான்: முக்கால் மணி நேரக் கொண்டாட்டம்

காம் தான் கிராமத்துக்கு ஹோய் ஆன் பழைய நகரத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம், அவ்வளவு பக்கம். 'பை மாவ் தென்னங்காடு' என்று பலகை இருக்கும். உள்ளே இருப்பது நம்மூர்த் தென்னை அல்ல, நிப்பா என்கிற நீர்ப்பனை. தண்டு சேற்றுக்குள்ளேயே இருக்க, ஓலை மட்டும் நேராக மேலே எழும்பி நிற்கும். தூ போன் ஆறு கடலில் கலக்கிற இடத்தின் உப்பங்கழி இது. போர்க்காலத்தில் கெரில்லாக்கள் ஒளிந்திருந்த காடு.

இங்கே கிடைப்பது இவ்வளவுதான்: ஒரு பரிசலில் பெரியவர்கள் இரண்டு பேர், கூட ஒரு குழந்தை. முன்பக்க விளிம்பில் படகோட்டி. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், கூம்புத் தொப்பியோடு. நுழைவுச்சீட்டும் பரிசலும் சேர்த்து ஒரு பரிசலுக்கு 1,50,000 முதல் 2,00,000 டாங் வாக்கில் ஆகும். டாங்கை 300-ஆல் வகுத்தால் ரூபாய் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆக, இருவருக்குமாக ஐநூறு, அறுநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா துடுப்பு போடுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பின்னால் தள்ளுவதில்லை. முன்பக்கத்தில் துடுப்பைக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகப் பிடித்து, தண்ணீருக்குள் எட்டு போடுவதுபோல் இடமும் வலமுமாக ஆட்டி, படகைத் தன் பக்கம் இழுக்கிறார். வட்டப் படகுக்கு முன்னும் பின்னும் இல்லை. ஒரு பக்கம் துழாவினால் நின்ற இடத்தில் சுற்றும். அதனால்தான் இழுப்பு. துடுப்பை உங்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். வாங்கிப் பாருங்கள், ஒரு சுற்று சுற்றுவீர்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கே இந்தச் சவாரி தகும் என்பேன்.

வழியில் ஓலையில் மோதிரம், வெட்டுக்கிளி, தொப்பி எல்லாம் பின்னிக் கொடுப்பார். சின்ன மூங்கில் குச்சியில் நூல் கட்டி, வேர்களுக்கு நடுவில் சேற்று நண்டு பிடிக்க வைப்பார். நண்டு இரையைப் பற்றிக்கொண்டு மேலே வரும், படம் எடுத்துக்கொண்டபின் திரும்ப விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு இது பிடித்துப்போகும். 'மீன்பிடி அனுபவம்' என்று சீட்டில் போட்டிருப்பது பல நேரம் இந்த நண்டு விளையாட்டைத்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

எரிச்சல் தரும் பகுதி நடுவில் இருக்கிறது. அகலமான ஓரிடத்தில் பரிசல்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டு, ஒருவர் பரிசலில் நின்றபடி அதைத் தலை சுற்றும் வேகத்தில் சுழற்றிக் காட்டுவார். திறமை உண்மையானது, மறுப்பதற்கில்லை. சத்தமும் உண்மையானது. ஆட்டம் முடிந்ததும் துடுப்பை நீட்டுவார், அதன் முனையில் காசு வைக்க வேண்டும். கட்டாயமில்லை, 20,000 டாங் வைத்தால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீல நிறம், அவசரத்தில் மாறிப்போகும். முதல் தாளின் மதிப்பு எழுபது ரூபாய்க்குள், இரண்டாவது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஏறுவதற்கு முன்பே சில்லறையைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடம் நன்றாக இருப்பதும் இல்லாததும் நேரத்தைப் பொறுத்தது. பக்கத்துப் பெருநகரமான டா நாங்கிலிருந்து பேருந்துகள் வந்து இறங்க ஒன்பது ஒன்பதரை ஆகும். அதிலிருந்து மூன்று மணி வரை உள்ளே போக்குவரத்து நெரிசல்தான். காலை ஏழு மணிக்கு நீங்களாகவே கிராப் வண்டியிலோ (செல்பேசிச் செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி) சைக்கிளிலோ போய்ச் சீட்டு வாங்கினால் ஓலைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்கும். அதனால், டா நாங்கில் வண்டியில் ஏற்றி, மதியத்துக்குள் மார்பிள் மலை, பரிசல், பழைய நகரம் என்று முடிக்கிற கூட்டுச் சுற்றுலாவில் பரிசலைச் சேர்க்கவே வேண்டாம். விலை மலிவாகத் தெரியும், ஆனால் இந்த இடத்தின் மோசமான நேரத்தைத்தான் அதில் வாங்குகிறீர்கள்.

ஆற்றில் வலை வீசும் அரைநாள்

மீன்பிடிப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் சரியான தேர்வு. காம் தான், கூவா டாய் பகுதிகளிலிருந்து சிறு குழுக்களாக மரப்படகில் தூ போன் ஆற்றில் அழைத்துப் போவார்கள். பலர் இதோடு சைக்கிள், எருமைச் சவாரி, சந்தை, சமையல் வகுப்பு எல்லாவற்றையும் சேர்த்து விற்கிறார்கள். சேர்மானம் கூடக் கூட விலை ஏறும். சந்தையும் சமையலும் சேர்ந்தது ஆளுக்கு 25 முதல் 40 டாலர் வாக்கிலும், முழு மீன்பிடிச் சுற்றுலா 50 டாலரை ஒட்டியும் இருக்கும்.

வீச்சு வலையைக் கையில் வாங்கும்போதுதான் அதன் கனம் தெரியும். விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்துப் போட்டு, மீதியைக் கையில் கொசுவிப் பிடித்து, இடுப்பைத் திருப்பி விடும்போது அது காற்றிலேயே வட்டமாக விரிய வேண்டும். மீனவர் வீசினால் விரிகிறது. நாம் வீசினால் நனைந்த துணி மாதிரி ஒரே இடத்தில் பொத்தென்று விழும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு பாதி வட்டம் வரும். மீன் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் விரல் நீளத்துக்கு ஒன்றிரண்டுதான்.

கழிமுகத்தை ஒட்டித் தூக்கு வலைகளையும் காட்டுவார்கள். கொச்சியில் சீன வலை என்று பார்க்கிறோமே, அதே குடும்பம். நாலு மூலையிலும் கம்பம் நட்டு, நடுவில் பெரிய வலையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். கால்நட்டுக் கட்டிய குடிசைக்குள் ஒரு பெரிய உருளை இருக்கும். மீனவர் அதன்மேல் உட்கார்ந்து காலால் மிதித்துச் சுற்றினால் வலை மெதுவாக எழும்பும். அந்த உருளையில் உங்களையும் மிதிக்க விடுவார்கள், தொடை நடுங்கிவிடும். சூரிய உதயத்தில் இந்த வலைகளைப் படம் எடுக்கவே ஒரு கூட்டம் வருகிறது. இன்று இவற்றில் சிலவற்றுக்கு மீனைவிடப் புகைப்படக்காரர்களால்தான் வருமானம் என்று தோன்றுகிறது. அதில் தப்பேதும் இல்லை. வயதான மீனவருக்கு அலையில் போவதைவிட இது நிம்மதியான பிழைப்பு.

இதைப் பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். படகில் எத்தனை பேர்? வலை வீசிக் காட்டுகிறவர் உண்மையில் மீனவரா, வழிகாட்டியே வீசிக் காட்டுவாரா? நேரம் காலையா, மதியமா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். எருமைச் சவாரியை விட்டுவிட்டால் விலை குறைகிற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. எருமைமேல் ஏறி ஒரு படம் எடுப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலாவோடு வரும் மதியச் சாப்பாட்டில் காய்கறிக் குழம்பிலும் ஃபிஷ் சாஸ் எனும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். முதல் நாளே 'சாய்' சாப்பாடு என்று சொல்லிவைத்தால் பௌத்தர்களின் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொண்டு தனியாகச் சமைப்பார்கள். அன்று காலையில் போய்ச் சொன்னால் சோறும் வெள்ளரிக்காயும்தான்.

காசு கேட்காத கடற்கரை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் எல்லோருக்கும் சரிப்படாது. டா நாங் நகரிலேயே, சோன் ட்ரா மலைக்குப் போகிற கடற்கரைச் சாலையில், மான் தாய் என்ற பகுதி இருக்கிறது. ஒரு பக்கம் உயரமான ஓட்டல்கள், சாலைக்கு எதிரே மணலில் வரிசையாகக் கவிழ்த்த பரிசல்கள். விடியும் முன் கடலுக்குப் போனவை ஐந்திலிருந்து ஆறரை மணிக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பும். நெத்திலி, சின்ன மீன்கள், நண்டு, சில நாள் கணவாய். பரிசல் மணலைத் தொட்டதும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வலையிலிருந்து நண்டை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கால் முறியாமல் எடுத்தால்தான் விலை. கடற்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அங்கேயே பேரம் பேசி, பிளாஸ்டிக் பையில் வாங்கிப் போய்விடுவார்கள். ஏழு மணிக்கு நீங்கள் வந்தால் மணலில் ஈரம் மட்டும்தான் இருக்கும்.

கோடை மாதங்களில் அதே கரையில் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். வயதானவர்கள் இரண்டு வரிசையாக நின்று, இடுப்பில் கயிறு கட்டிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். தமிழ்க் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை. நாமும் கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு தலையசைப்பு கேட்டுக்கொள்ளுங்கள், வலையைத் தாண்டி நடக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் ஹோய் ஆனுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தாம் தியென் மீன் சந்தை. நள்ளிரவில் கிளம்பிய படகுகள் தூரத்தில் நிற்க, பரிசல்கள் கூடைகூடையாக மீனைக் கரைக்குக் கொண்டுவரும். விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பதால் மூன்றரை, நாலு மணிக்குக் காரில் ஏற வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம். புகைப்படப் பைத்தியம் உள்ளவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்குப் போகலாம்.

ஹோ சி மின் நகரத்தோடு பயணத்தை முடித்துக்கொள்கிறவர்களுக்கு ஃபான் தியெத் நகரை ஒட்டிய முய் நே கடற்கரை இருக்கிறது. விரைவுச்சாலை வந்தபின் ஃபான் தியெத் வரை காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறார்கள். முய் நே வளைகுடாவில் நூற்றுக்கணக்கான படகுகளும் பரிசல்களும் ஒரே பார்வையில் தெரியும். ஜீப் சுற்றுலாக்காரர்கள் முதலில் மணல்மேட்டுக்குக் கூட்டிப்போய், ஏழு எட்டு மணிக்குத்தான் மீனவர் கிராமத்தில் நிறுத்துவார்கள், அதற்குள் ஏலம் ஓய்ந்திருக்கும். ஓட்டுநரிடம் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஃபான் தியெத்தில் வான் தூய் தூ கோயிலை விட்டுவிடாதீர்கள். 1762-இல் கட்டியது. திமிங்கலத்தைக் கடல் தெய்வமாக வணங்கும் மீனவர்கள், 22 மீட்டர் நீள எலும்புக்கூடு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவன் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்பது அங்கே நின்றால் கொஞ்சம் புரியும்.

தீவில் ஓர் இரவு

கூவா டாய் துறையிலிருந்து விரைவுப் படகில் இருபது நிமிடத்தில் கூ லாவ் சாம் தீவு. 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதே ஆண்டிலிருந்து தீவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பகல் சுற்றுலாவில் முக்குளித்தல், சாப்பாடு, திரும்பு என்று ஓடிவிடும். பரிசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வீட்டில் இரவு தங்கினால்தான், வீட்டுக்காரரோடு பேசி வைத்து, இருட்டியபின் விளக்கோடு கணவாய்த் தூண்டிலுக்குப் போகலாம். அலை அடங்கிய மார்ச்–ஆகஸ்ட் மாதங்களில் மட்டும். 2022 பிப்ரவரியில் தீவிலிருந்து திரும்பிய விரைவுப் படகு கூவா டாய் அருகே கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். கடல் சரியில்லை என்று சொன்னால் வாதாடாதீர்கள். உயிர்க்காப்புச் சட்டையைப் படகு ஆழத்துக்குப் போனதும் கழற்றவும் வேண்டாம்.

எப்போது போகிறீர்கள் என்பதே பாதி முடிவு

பள்ளிக் கோடை விடுமுறையில், ஏப்ரல் மே மாதங்களில், போகிறவர்களுக்கு ஹோய் ஆன் பக்கம் உள்ள நாலு தேர்வும் திறந்திருக்கும். வெயில் கடுமை என்பது ஒன்றுதான் குறை, அதற்கும் காலை ஏழு மணிதான் மருந்து. அரையாண்டு விடுமுறையில் டிசம்பரில் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். நடு வியட்நாமில் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களிலேயே படகு ஓடும் அளவுக்கு வெள்ளம் வரும். டிசம்பரில் தூறலும் கலங்கிய கடலும் மிச்சம் இருக்கும், தீவுக்குப் படகு போகாத நாட்கள் அதிகம். அதே டிசம்பரில் முய் நேயில் வறண்ட காலம். டிசம்பர்க்காரர்கள் பரிசலைப் பார்க்கத் தெற்கே போவதுதான் புத்திசாலித்தனம். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023-இல் நேரடி விமானம் தொடங்கியபின் நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் போய்வருவதும் சுலபமாகிவிட்டது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அவர்களது புத்தாண்டை ஒட்டிப் போகாதீர்கள். மீனவர்கள் வீட்டில் இருப்பார்கள், விலையும் ஏறியிருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: நிலவு. ஹோய் ஆனில் மின்விளக்குகளை அணைத்து லாந்தர் ஏற்றும் இரவு, சந்திர மாதத்தின் பதினான்காம் நாள். அதற்காகவே தேதி பார்த்துப் போகிறார்கள். ஆனால் விளக்கு வைத்து மீனையும் கணவாயையும் இழுக்கிற படகுகளுக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேலை குறைவு. நிலா வெளிச்சத்தில் அவர்கள் விளக்கு எடுபடாது, பல படகுகள் கரையிலேயே நிற்கும். லாந்தர் இரவையும் நிரம்பிய மீன் சந்தையையும் ஒரே நாளில் எதிர்பார்க்க முடியாது. இரண்டும் வேண்டும் என்றால் நடுவில் நாலைந்து நாள் இடைவெளி விட வேண்டியிருக்கும்.

யாருக்கு எது என்று கேட்டால்: சின்னப் பிள்ளைகளோடு போனால் காம் தான், காலை ஏழு மணிக்கு, நீங்களாகவே. அது போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைப் பரிசலில் ஏற்றுவது சிரமம். விளிம்பைத் தாண்டிக் காலை நடுவில் வைத்து, தாழ்ந்த பலகையில் உட்கார வேண்டும், எழும்போது படகு ஆடும். அவர்களுக்கு ஆற்றில் போகும் மரப்படகே தேவலை. மீன்பிடித் தொழிலில் உண்மையிலேயே ஆர்வம் இருப்பவர்கள் ஆற்று அரைநாளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் அலாரம் வைத்து மான் தாய்க்குப் போகட்டும். தீவு, நாள் கணக்கு தாராளமாக இருப்பவர்களுக்கு மட்டும்.

பதிவு செய்வதைப் பற்றி: காம் தானுக்கு முன்பதிவே தேவையில்லை. ஓட்டல் மேசையில் வாங்கினால் அவர்கள் பங்கும் சேரும், அவ்வளவுதான். ஆற்றுச் சுற்றுலாவுக்குச் சிறிய குழு கிடைக்க இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மழை மாதங்களில் அது தேவைப்படும். மான் தாய்க்குப் போக முதல் நாள் இரவே வண்டிக்குச் சொல்லிவைக்க வேண்டியதில்லை. டா நாங்கில் காலை ஐந்து மணிக்கும் கிராப் கிடைக்கும்.